ஏழாம் அறையின் சிவப்பு அம்பு

அத்தியாயம் 11

எனக்குப் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் குறை சொல்லக் கூடாது. இந்த லிங்கசாமி பெரிய தைரியசாலி என்று திருப்பூர் மண்ணரை முழுக்க ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான்.

பட்டப்பகல் இரண்டேகால் மணிக்கு வெண்முத்து டையிங் ஆலையின் இரும்புப் படியில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் என் முதலாளி, துப்பறியும் விஜயராணி. பின்னால், தம்பிக்காக எங்களோடு வந்த கருத்தம்மா. படிக்கு இரண்டு பக்கமும் ஆவி. கீழே வரிசையாக ஆறு சாயமேற்றும் மிஷின்கள், ஒவ்வொன்றும் ஒரு மினி பஸ் உயரம். நான்காவது மிஷினைப் பார்க்கவே கூடாது என்று நினைத்திருந்தேன். பார்த்துவிட்டேன்.

எட்டு நாளைக்கு முன்னால், உள்ளே சாயத்தண்ணீர் ஆறும் முன்பே அதன் பூட்டு விடுபட்டு மூடி திறந்தது. எதிரே நின்ற ஆபரேட்டர் சகாயராஜ் உடம்பு வெந்து, இப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடக்கிறார். இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த மூடியை யாரும் நினைத்த நேரத்தில் திறந்துவிட முடியாது. உள்ளே சூடு எண்பது டிகிரிக்குக் கீழே இறங்கினால்தான் கம்ப்யூட்டர் பூட்டை விடுவித்துப் பச்சை விளக்கைப் போடும். பச்சை எரிந்தால் ஆபரேட்டர் சக்கரத்தைச் சுற்றித் திறப்பார். அந்தப் புரோகிராமை எழுதியவன் இசக்கிமுத்து, கருத்தம்மாவின் தம்பி. அதனால் தப்பு அவனுடையதுதான் என்று ஊரே முடிவு கட்டியது. காலையில் போலீஸ் வந்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனது.

அது மட்டுமென்றால்கூட நான் இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன். இன்றைக்கு அதே நான்காம் மிஷினில் நிற்பவர் மூக்கையா. கருத்தம்மாவின் புருஷன்.

காலையில் கேட்டில் எங்களைப் பார்த்ததும் அவரே ஓடிவந்தார்.

"யக்கா, அன்னைக்குக் கம்ப்யூட்டர் ரூம்ல இருந்தது எங்க மச்சினன் இல்ல. யாருன்னு நான் பாத்தேன்."

"யாரு?" என்றார் விஜயராணி.

அதற்குள் ஹாரன் சத்தம். சின்ன முதலாளி அருண்குமாரின் கார். டையிங் மாஸ்டர் குமாரவேல் தாமே ஓடிவந்து கேட்டைத் திறந்துவிட்டார். மூக்கையா வாயை மூடிக்கொண்டார்.

"மூணு மணிக்கு இந்த லாட் துணிக்குச் சாயம் ஏறினதும் வந்து சொல்லுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர்தான். அதன்பிறகு அவரை மிஷினை விட்டு நகர விடவில்லை.

"பொறவு சொல்லுதேன்னு போன சாட்சி எத்தனை பேரு திரும்பி வந்து சொல்லியிருக்கான் லிங்கம்?" என்றார் விஜயராணி, படியில் ஏறிக்கொண்டே.

"ஏனுங்கக்கா, அபசகுனமாப் பேசறீங்க? எனக்கு ஊட்ல அவசர வேலை இருக்குதுங்க."

"என்ன வேலை?"

"உசுரோட இருக்கறதுங்க."

அவர் சிரிக்கவில்லை. அடுத்த படியில் ஏறினார்.

மாடியில் கம்ப்யூட்டர் அறை. ஒரு பக்கம் முழுக்கக் கனமான கண்ணாடி, அதன் வழியே கீழே மிஷின்கள் அத்தனையும் தெரியும். இன்னொரு பக்கம் ஷேடு பார்ப்பதற்காகத் தொங்கவிட்ட சாயத்துணிகள், நீலம், பச்சை, சிவப்பு என்று. நடுவில் இசக்கிமுத்துவின் மேசை. எங்கள் செல்போன்கள் கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டுவிட்டன. கேமரா போன் உள்ளே வரக் கூடாதாம், துணி வாங்கும் வெளிநாட்டு பையரின் கட்டளை.

குமாரவேல் எங்களுக்காக நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஐம்பது வயது, நெற்றியில் திருநீறு, பேச்சில் அவ்வளவு பணிவு.

"உக்காருங்கோ சாமி. அந்தப் பையன் கெட்டவனில்லீங்க. ஆனா வேலை சுத்தமில்லீங்க. நீங்களே பாருங்கோ."

ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் வரிகள் ஓடின. ஆறு வரி பச்சையில் வந்தது. ஏழாவது வரி சிவப்பு. 'அறை 7. வேலை தோல்வி. எண் 1.' அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

"அவன் எழுதுனதை அவன் மிஷினே ஏத்துக்க மாட்டேங்குதுங்க. நாங்கதான் அறையெல்லாம் வேண்டாம்னு வெளிய வச்சு ஓட்டறோம். வெளிய ஓடுதுங்க, உள்ள ஓட மாட்டேங்குது. ரெண்டு நிமிசம், டீ சொல்லிட்டு வர்றேனுங்க."

அவர் போனதும் நான் கேட்டேன். "அறைன்னா என்னங்கக்கா? கம்ப்யூட்டருக்குள்ள லாட்ஜா நடத்தறாங்க?"

ஸ்டேஷனில் இசக்கிமுத்துவிடம் பேச எங்களுக்குக் கிடைத்தது ஐந்தே நிமிடம். அதில் அவன் சொன்னதை விஜயராணி இப்போது எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னார். ஒரு பனியனுக்கு கட்டிங், ஓவர்லாக், காலர் என்று தனித்தனி வேலை. அதைப்போல ஒரு புரோகிராமைத் துண்டு துண்டாகச் செய்து, கடைசியில் ஒன்றாகச் சேர்க்கிற சூப்பர்வைசர்தான் இந்தக் கம்ப்யூட்டரில் அவன் வைத்திருக்கும் கருவி. ஒவ்வொரு வேலையையும் கதவு சாத்திய தனி அறைக்குள் செய்ய வைக்கும். கையில் கொடுத்த துணி, கொடுத்த நூல், அவ்வளவுதான். பக்கத்து மேசையிலிருந்து எவனும் எதையும் எடுத்து நுழைத்துவிடக் கூடாது என்பதற்காக அந்தக் கட்டுப்பாடு. உள்ளே இருப்பவன் கொடுக்காத பொருளுக்குக் கையை நீட்டினால் சுவர் தடுக்கும். வேலை நின்றுவிடும்.

"அப்ப வெளிய ஓடி உள்ள ஓடலைன்னா..."

"வெளியே இருந்து எதையோ எடுக்குதுன்னு அர்த்தம். எதை எடுக்குது, எங்கேயிருந்து எடுக்குது? அதைத்தான் இந்த மெசேஜ் சொல்ல மாட்டேங்குது." திரையை முறைத்தார். "தோல்வி ஒண்ணாம். அது எனக்குத் தெரியாதாக்கும்."

"எங்க செக்கிங்ல இப்படி எவளாவது வெறும் ரிஜெக்ட்னு சொல்லிட்டுப் பீஸைத் தூக்கிப் போட்டா சூப்பர்வைசர் வாயில வந்தபடி ஏசுவாக" என்றார் கருத்தம்மா. பதினொரு வருடமாக பனியன் செக்கிங்கில் இருப்பவர். இடுப்பில் நூல் வெட்டும் சின்னக் கத்தரி, சிவப்பு அம்பு ஸ்டிக்கர் சுருள். துணியில் எங்கே ஓட்டை, எங்கே கறை என்று காட்ட விரல் நகம் அளவு அம்புகளை ஒட்டுவார்கள், திருப்பூரில் கால் வைத்த எவருக்கும் அது தெரியும்.

"இவங்க தம்பி கடைசியா என்ன சொன்னான் லிங்கம்?" என்றார் விஜயராணி.

"'அம்பு ஒட்டி வச்சிருக்கேன்னு எங்க அக்காகிட்டச் சொல்லுங்க'ன்னான். அதுக்குள்ள ஏட்டு இழுத்துட்டுப் போயிட்டாருங்க" என்றேன்.

எங்கள் கையில் இருந்த ஒரே துப்பு அதுதான். மேசைக்கு அடியில் தேடினோம். இழுப்பறையில் தேடினோம். நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். மணி இரண்டு நாற்பது. கண்ணாடிக்கு அப்பால் மூக்கையா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நான்காம் மிஷினைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். 

"இந்தாங்க!" என்று கத்தினேன். கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. கீபோர்டின் மேல் வரிசையில், ஏழாம் எண் பட்டன் மேல் ஒரு குட்டி சிவப்பு அம்பு. விலை ஸ்டிக்கர் என்று நினைத்து நான் இரண்டு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். "ஏழாம் அறை, ஏழாம் பட்டன்! நானும் துப்பறியறவன்தானுங்க!"

அழுத்தினேன். திரையில் மறுபடியும் ஆறு பச்சை, ஒரு சிவப்பு. வேலை தோல்வி. எண் 1.

"துப்பறிஞ்சு முடிச்சாச்சா?" என்றார் விஜயராணி.

கருத்தம்மா குனிந்து பார்த்தார். "அண்ணே, ஓட்டை மேலயே அம்பை ஒட்ட மாட்டோம். பசை பட்டாத் துணி கெட்டுரும். பக்கத்துல ஒட்டுவோம். முனை எங்க காட்டுதோ அங்கதான் சங்கதி."

முனை வலது பக்கம் காட்டியது. எட்டாம் பட்டன். அவரே அழுத்தினார்.

மறுபடி ஆறு பச்சை ஓடியது. ஏழாவது வரி வந்ததும் திரை ஒரு நொடி நின்றது. பிறகு வரி வரியாக எழுத்து இறங்கியது. இசக்கிமுத்து மெனக்கெட்டுத் தமிழிலேயே எழுதி வைத்திருந்தான்.

'அறை 7. மூடிப் பூட்டு வேலை நின்றது.
காரணம்: அறைக்குள் கொடுக்காத பொருளைக் கேட்டது.
கேட்ட பொருள்: மூடியைத் திறக்கும் சூட்டு அளவு.
அறைக்குள் கொடுத்த அளவு: 80.
வெளியே இருக்கும் அளவு: 140.
வெளியே இருக்கும் இடம்: முதலாளி பெட்டி.
கடைசியாக மாற்றியது: இன்று காலை 11.42.
செய்ய வேண்டியது: வெளியே ஓட்டாதே. முதலில் அளவைச் சரிபார்.'

மூன்று பேரும் படித்தோம். 

"நூத்தி நாப்பதா?" என்று கருத்தம்மா முனகினார். "யக்கா, சாயம் கொதிக்கதே நூத்தி முப்பதுலதான?"

"ஆமா. எப்பவும் நூத்தி முப்பதுல இருந்து எண்பதுக்கு ஆறணும், அதுக்கு முக்கால் மணி நேரம். இன்னைக்கு ஆறவே வேண்டாம். சாயம் ஏறி முடிஞ்ச அந்த நிமிஷமே பச்சை எரியும்." விஜயராணியின் குரல் இறங்கியது. "மூணு மணிக்கு."

மணி இரண்டு ஐம்பது.

"கம்ப்யூட்டர்ல முதலாளி பேர்ல இருக்கற பெட்டின்னு போட்டிருக்குதுங்க. அந்த அருண்குமார்தானுங்க!" என்றேன். "காலைல நம்மகிட்டயே, 'கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது'ன்னு என்ன எகிறு எகிறினார்!"

"காலையில பதினொண்ணுல இருந்து பன்னெண்டேகால் வரைக்கும் அருண்குமார் எங்க இருந்தாரு?"

யோசித்தேன். எங்களுக்கு எதிரே இருந்தார். ஒரு நிமிடம்கூட எழுந்திருக்கவில்லை. அவர் அறையில் கம்ப்யூட்டரே இல்லை.

"அப்புறம் நமக்கு டீ வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீகூடக் கிண்டல் பண்ணினியே."

ஞாபகம் இருந்தது. டீயின் மேல் கெட்டியாக ஆடை கட்டியிருந்தது. 'எங்க ஊரு அவிநாசிபாளையத்துல இருந்து நடந்தே கொண்டாந்தீங்களா?' என்று, டீயைக் கொண்டுவந்த மாஸ்டரிடம் கேட்டிருந்தேன்.

கதவுப்பக்கம் பாத்திரச் சத்தம் கேட்டது. குமாரவேல் தட்டில் மூன்று டம்ளர்களோடு நின்றிருந்தார். மூன்றிலும் ஆவி பறந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"டீக்கடை எங்க இருக்கு மாஸ்டர்?" என்றார் விஜயராணி, திரும்பாமலே.

"இங்கதானுங்க, படிக்குக் கீழ."

"முதலாளி ரூம்?"

"அதுவும் கீழதானுங்க."

"பத்தடி தூரம். காலையில அந்தப் பத்தடியில டீ எப்படி ஆடை கட்டிச்சு? தட்டை எங்கயோ வச்சுட்டு வேற ஒரு வேலை பாத்துட்டு வந்திருக்கீங்க. முதலாளி பேர்ல இருக்கிற பெட்டியில கையை வச்சா பழியும் அவரு மேலதான் போகும். அப்படித்தானே?"

குமாரவேல் குனிந்தார். தட்டை வாசலிலேயே தரையில் மெதுவாக வைத்தார், ஒரு சொட்டு சிந்தாமல். நிமிர்ந்தபோது முகம் வேறாக இருந்தது. அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். கோபம் இல்லை, வெறி இல்லை. கணக்குப் போடுகிற முகம்.

"ரொம்பப் படிச்சுட்டீங்க சாமி" என்றார். கதவைச் சாத்தினார். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது. அடுத்த நொடி விளக்கு அணைந்தது, ஏசி நின்றது, கம்ப்யூட்டர் திரை கறுத்தது. வெளியே இந்த அறையின் மெயின் சுவிட்சை மட்டும் இறக்கிவிட்டார்; மிஷினுக்கு அந்த அளவு ஏற்கெனவே போயிருந்தது.

"ஐயோ!" என்று நான் கண்ணாடியில் மோதினேன். "ஐயோ, ஆபத்து! காப்பாத்துங்க!" இரண்டு கையாலும் குத்தினேன். கீழே ஆறு மிஷின்களின் இரைச்சல். என் சத்தம் எனக்கே பாதிதான் கேட்டது. நாற்காலியைத் தூக்கிக் கண்ணாடி மேல் எறிந்தேன். நாற்காலியின் கால்தான் உடைந்தது.

"நீ கத்துறதும் அந்த 'தோல்வி ஒண்ணு' மெசேஜும் ஒண்ணுதான் லிங்கம்" என்றார் விஜயராணி.  "என்ன, எங்கேன்னு சொன்னாத்தானே கேக்கிறவனுக்குப் புரியும்? சொல்ற மாதிரி சொல்லணும். அவரு நம்மைப் பாக்கிறாரு பாரு."

உண்மைதான். மூக்கையா நிமிர்ந்து எங்களைப் பார்த்துவிட்டார். நான் குதித்தேன். கையை ஆட்டினேன். அவரும் சந்தோஷமாகக் கையை ஆட்டினார்.

"எழுதிக் காட்டலாமுங்க!" காலண்டர் தாளைக் கிழித்தேன்.

"அவுகளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுண்ணே" என்றார் கருத்தம்மா. கண்ணில் நீர் முட்டியிருந்தது. "ஆபத்து போர்டுல இருக்க மண்டை ஓடு மட்டுந்தான் தெரியும்."

மண்டை ஓட்டை வரைந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை நான் வரைந்தது கோலப்புள்ளிகூட இல்லை. கண்ணாடியில் வைத்துக் காட்டினேன். மூக்கையா உற்றுப் பார்த்தார். தன்னைத்தான் வரைந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார். பிறகு பக்கத்துச் சுவரில் தொங்கிய நிஜமான ஆபத்து போர்டைக் காட்டி, 'இங்கயும் இருக்கு' என்பதுபோலத் தலையாட்டினார். ஆலையில் எந்தச் சுவரில் அந்த போர்டு இல்லை? எவன் அதைப் பார்க்கிறான்?

மணி இரண்டு ஐம்பத்தாறு. கருத்தம்மா அழுகையை நிறுத்திவிட்டார்.

"அவுக டையிங்குக்கு வாரதுக்கு முந்தி எங்க செக்கிங்லதான் பீஸ் தூக்கினாக" என்றார். "அம்பு ஒட்டின பீஸை நல்ல பீஸ் கட்டுல போட்டாக ஒரு நாளு. நாந்தான் நாலு பேரு முன்னால ஏசினேன். அப்படித்தான் பழக்கம்."

இடுப்பிலிருந்து சுருளை எடுத்தார். அந்த அம்புகள் விரல் நகம் அளவு. கீழே இருந்து பார்த்தால் எறும்புகூடப் பெரிதாகத் தெரியும். சுருளைக் கீழே போட்டுவிட்டு நேராக ஷேடு துணிகளிடம் போனார். ரத்தச் சிவப்பில் தொங்கிய துணியை உருவினார். குட்டிக் கத்தரியால் வெட்டினார், கோடு போடாமல், அளக்காமல். பதினொரு வருடம் அந்த வடிவத்தையே பார்த்த கை. ஒரு நிமிடத்தில் என் கை நீளத்துக்கு ஒரு சிவப்பு அம்பு.

"பசை?" என்றேன்.

"தண்ணி இருக்கா?"

தண்ணீர் இல்லை. வாசலில் மூன்று டம்ளர் டீ இருந்தது. குமாரவேல் உள்பக்கமாகவே வைத்துவிட்டுப் போயிருந்தார். துணியை அதில் முக்கி, பிழியாமல், கண்ணாடியில் அறைந்து ஒட்டினார். சொத்தென்று பிடித்துக்கொண்டது. முனையை மட்டும் இப்படியும் அப்படியும் நகர்த்தி, நேராக நான்காம் மிஷினின் மூடியைக் காட்டும்படி திருப்பினார்.

கீழே பச்சை விளக்கு எரிந்தது.

மூக்கையா சக்கரத்தில் கை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவிநாசி லிங்கேசுவரனுக்கு மொட்டை போடுவதாக வேண்டிக்கொண்டேன். என் தலையில் அதற்கு வேலை அதிகமில்லை, இருந்தாலும் வேண்டினேன்.

"பாரு, பாரு, பாரு" என்று விஜயராணி என் தோளைப் பிறாண்டினார்.

கண்ணைத் திறந்தேன். மூக்கையா சக்கரத்தைச் சுற்றவில்லை. எங்கள் கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். அம்பைப் பார்த்தார். அம்பு காட்டிய மூடியைப் பார்த்தார். மறுபடி அம்பைப் பார்த்தார். சுடுபாத்திரத்தைத் தொட்டவர் மாதிரி கையை எடுத்தார்.

"எங்க ஆத்தா" என்றார் கருத்தம்மா. அவ்வளவுதான் சொன்னார்.

அதோடு முடியவில்லை. கீழே குமாரவேல் வேகமாக வந்தார். கையை வீசி ஏதோ கத்தினார். பச்சை விளக்கைக் காட்டினார், சக்கரத்தைக் காட்டினார். திற என்கிறார் என்பது காது கேளாதவனுக்கும் புரியும். எட்டு வருடமாக அந்த மாஸ்டர் சொன்னதை மூக்கையா ஒரு தடவைகூட மீறியதில்லை என்று கருத்தம்மா பிற்பாடு சொன்னார். மூக்கையா தலையைச் சொறிந்தார். குமாரவேல் இன்னும் நெருங்கிக் கத்தினார். பக்கத்து மிஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

மூக்கையாவின் கை மறுபடி சக்கரத்தை நோக்கிப் போனது. கருத்தம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியின் தடம் மூன்று நாள் இருந்தது.

சக்கரம் வரைக்கும் போன கை, நின்றது. மூக்கையா ஒரு அடி நகர்ந்து, சக்கரத்துக்கு முன்னால் இடம் விட்டு ஒதுங்கினார். கையை மரியாதையாக நீட்டினார், பந்தியில் பெரியவரை உட்காரச் சொல்வதுபோல. அப்போது அவர் சொன்னதைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

"அப்ப நீங்களே திறங்க மாஸ்டர்."

குமாரவேல் சக்கரத்தைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது, ஐந்து ஆபரேட்டர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்த ஆலையிலேயே மூத்த டையிங் மாஸ்டர் தான் திறக்கச் சொன்ன மூடியை விட்டுப் பின்வாங்கிக்கொண்டே போய் எதிர்ச்சுவரில் முட்டி நின்றார்.

அதைவிட வேறு வாக்குமூலம் எதற்கு?

மூக்கையா தலைத்துண்டை அவிழ்த்து, மிஷின் பக்கவாட்டில் சாயம் அப்பிக் கிடந்த பழைய வட்ட மீட்டரைத் துடைத்தார். முள் நூற்றி முப்பதில் நின்றதாம். சிவப்பு ஸ்டாப் பட்டனைக் கையால் அல்ல, முழங்கையால் குத்தினார். அப்புறம் படியில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் திறந்தது.

வாசலில் நின்ற புருஷனைப் பார்த்ததும் கருத்தம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய் மூக்கையாவின் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முன்னும் பின்னும், ஒரு பீஸைச் செக் பண்ணுவதுபோல. ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

"பல்லைக் காட்டிட்டுக் கையை ஆட்டுதீக! உசுரு போயிருச்சு எனக்கு!"

"நீங்கதான மொத ஆட்டுனீக?" என்றார் மூக்கையா, பரிதாபமாக.

அருண்குமார் பத்து நிமிடத்தில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டு விஜயராணி எட்டாம் பட்டனை அழுத்தினார். ஆறு பச்சை, ஒரு சிவப்பு, பிறகு அதே எட்டு வரி. அருண்குமார் தன் பெயரில் இருந்த பெட்டியைப் படித்தார். 11.42-ஐப் படித்தார். திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்.

குமாரவேல் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "ஒரு நாளைக்கு அஞ்சு லாட் இறக்கறேன்னு வாக்குக் குடுத்துட்டேனுங்க தம்பி. நாலுக்கு மேல முடியலைங்க. ஆற வைக்கற நேரத்துல கை வச்சேன். மொதல்ல தொண்ணூத்தஞ்சுன்னுதான் போட்டேன். சகாயராஜுக்கு அப்படி ஆகும்னு சாமி சத்தியமா நினைக்கலீங்க."

"சரி, அது நினைக்கலை. இன்னைக்கு நூத்தி நாப்பது?" என்றார் விஜயராணி.

அவர் மூக்கையாவைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மாஸ்டர் கம்ப்யூட்டர்ல கையை வச்சதை அன்னைக்கு நான் கண்ணால பாத்தேன்" என்றார் மூக்கையா. "மூணு மணிக்குச் சொல்லுதேன்னு சொன்னேன்லா யக்கா? மணி மூணேகால் ஆயிப்போச்சு."

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கலை" என்றார் கருத்தம்மா. குமாரவேலின் முகத்தைப் பார்த்தே சொன்னார். "அதுக்கு ஒருத்தரு வாழையிலையில கெடக்காரு. எங்க தம்பி ஸ்டேஷன்ல கெடக்கான்."

அருண்குமார் போனை எடுத்து ஸ்டேஷனுக்குப் பேசினார்.  கார் அனுப்புகிறேன், இசக்கிமுத்துவை அனுப்பி வையுங்கள், இங்கே வேறு ஆளைக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது என்றார்.

 நான் கண்ணாடியில் டீ வடிந்துகொண்டிருந்த அந்த அம்பைப் பிய்க்கப் போனேன்.

"அண்ணே, அதைத் தொடாதீக" என்றார் கருத்தம்மா.

"வேலைதான் முடிஞ்சு போச்சுங்களே அம்மிணி?"

"எங்க முடிஞ்சது? ஓட்டை இன்னும் அப்படியேதான இருக்கு. எங்க தம்பி வந்து அடைக்கட்டும். அதுக்குப் பொறவு நானே பிய்க்கேன்."

கையை இழுத்துக்கொண்டேன். கீழே ஐந்து ஆபரேட்டர்களும் அவரவர் மிஷினை நிறுத்திவிட்டு, அந்தச் சிவப்பு அம்பையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருவரும் எந்த மூடியிலும் கை வைக்கவில்லை.